ஆள்சூடு

கீழ்நாட்டிலிருந்து வருகிற ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, மலையில் ஏற ஏறக் குளிர், இறங்க இறங்கச் சூடு, அவ்வளவுதான் விஷயம் என்று. பகலுக்கு அது சரி. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடவே குறையும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிறவன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, எங்கள் ஊரில் இறங்கும்போது கழுத்துவரை பூட்டியிருப்பான். ஆனால் மார்கழி பிறந்து, வானம் துடைத்துவிட்டது போலாகி, காற்றும் நின்றுபோன ராத்திரியில் அவன் பாடம் தலைகீழாகிவிடும். குளிர் கனத்துப்போய், சரிவு சரிவாக வழிந்து இறங்கி, எங்கள் குதிரைமேட்டு எஸ்டேட்டின் அடியில் இருக்கிற பள்ளத்தில் போய்த் தேங்கிக்கொள்ளும். மேட்டில் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஐந்து டிகிரி இருக்கிறபோது பள்ளத்துப் புல்லில் பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு காட்டும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இருபத்து மூன்று வருஷமாக இங்கே ரைட்டர் வேலை, ஆள் வருகை எழுதுவதோடு தெர்மாமீட்டர் பார்க்கிற வேலையையும் என் தலையில்தான் கட்டினார்கள். ஆள் உயரத்தில் ஒன்று, புல்லோடு ஒட்டி ஒன்று, அரையடி மண்ணுக்குள் ஒன்று. மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, மூன்றும் ஒருநாளும் ஒரே சேதியைச் சொன்னதில்லை.

அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் செத்தவர்கள் வந்து படுக்கிறார்கள். உடம்பு இல்லை, பேய் இல்லை, சூடு மட்டும். இந்த மலையில் பிறந்தவன் எங்கே செத்தாலும் சரி, லயத்துக் கட்டிலில் செத்தாலும், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் செத்தாலும், துபாயில் சாரத்திலிருந்து விழுந்து செத்தாலும், அடுத்த உறைபனி விழுகிற காலையில் பள்ளம் முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்க, நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு, தலை, தோள், சேர்த்து வைத்த இரண்டு கால் என்று அச்சு அசலாகப் புல் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையில் கையை வைத்தால் காய்ச்சல் இல்லாத ஆளின் நெற்றியைத் தொட்ட சூடு. தெர்மாமீட்டரைச் செருகினால் முப்பத்தேழு, ஒரு புள்ளி கூடினதில்லை, ஒரு புள்ளி குறைந்ததில்லை. பனிக்காலம் முடிகிறவரை அங்கேயே கிடக்கும், அடுத்த வருஷம் முதல் தேயிலை வரிசைக்கு ஏறியிருக்கும், அதற்கடுத்த வருஷம் இரண்டாவதுக்கு. நாற்பத்தொரு வரிசை ஏறினால் தேயிலை முடிந்து சோலைக்காடு, சோலையைத் தாண்டினால் மொட்டைப் பாறை, பாறைக்கு மேலே ஏற மண் இல்லை. அதற்கப்புறம் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அங்கே தெர்மாமீட்டர் வைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

இதற்கு நாங்கள் ஆள்சூடு என்று பேர் வைத்து, பேர் வைத்த கையோடு அதோடு குடித்தனம் பண்ணவும் பழகிவிட்டோம். அப்பன் சூட்டின் பக்கத்தில் பால் சட்டியை வைத்தால் விடிகிறதற்குள் தயிர் உறைந்துவிடுகிறது, ஆகையால் எங்கள் லயத்தில் மார்கழித் தயிருக்கு ஆளின் பேர் உண்டு. வெள்ளையன் தயிர் புளிக்கும், அன்னம்மா தயிர் கெட்டி. சளி பிடித்த குழந்தையைத் தாத்தா சூட்டில் பத்து நிமிஷம் கிடத்தி எடுப்பார்கள். கோழிகள் யார் எவர் என்று பார்க்காமல் போய் முட்டையிடும். இரண்டு பெண்டாட்டிக்காரன் மருதை செத்தபோது எந்தப் பெண்டாட்டி எந்தப் பக்கம் உட்காருவது என்று குடுமிப்பிடிச் சண்டை நடந்து, கடைசியில் மூத்தவளுக்குத் தலைமாடு இளையவளுக்குக் கால்மாடு என்று ஆட்களை மேய்க்கிற கங்காணி தீர்த்து வைத்தார். கோயில்காரர்கள் கற்பூரம் கொளுத்துவார்கள், சர்ச்சுக்காரர்கள் மெழுகுவத்தி, மளிகைக்கடை காதர் பாய் தன் தம்பி சூட்டருகே நின்று ஓதிவிட்டுப் போவார். தொழிற்சங்கம் கேட்டு வாங்கிய உரிமை ஒன்றும் இருக்கிறது, ஆள்சூடு கிடக்கிற வரிசையில் வெயில் ஏறும்வரை கொழுந்து பறிக்கக் கூடாது. ஒரு தடவை பட்டணத்திலிருந்து படித்தவர் ஒருத்தர் கம்பி, பெட்டி எல்லாம் கொண்டுவந்து நாலு நாள் தங்கி அளந்து, உள்ளூர் வெப்பக் காற்றோட்டம் என்று எழுதிக்கொண்டு போனார். காற்றோட்டத்துக்கு எதற்கு சார் தலையும் காலும் என்று கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி பெட்டியைப் பூட்டினார்.

நல்லதாக ஆரம்பிக்கிற எதற்கும் ஒரு வால் முளைக்கும். ஆள்சூடு வந்து பத்துப் பதினைந்து வருஷத்தில் எங்கள் ஜனங்களுக்கு அதுவே சட்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாலும் சரி, ஆளையே கண்ணால் பார்த்துப் புதைத்திருந்தாலும் சரி, பள்ளத்தில் சூடு வந்தால்தான் செத்தவன் செத்தவன். அப்புறம்தான் சூட்டின் மேல் வாய்க்கரிசி போடுவார்கள், மூன்று நாள் துக்கம், பொட்டழிப்பது எல்லாம். சூடு வரவில்லையா, ஆள் இருக்கிறான், பேச்சு முடிந்தது. இந்தச் சட்டத்தில் சிக்கிக்கொண்டவள்தான் ரஞ்சிதம்.

ரஞ்சிதத்தின் புருஷன் தவசிமுத்து கல்யாணமாகி ஏழாவது மாசம் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாசம் ஒன்று, பிறகு கேரளாவில் எங்கேயோ ரப்பர் தோட்டம் என்று ஒரு சேதி, பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம், நானும் யூனியன் ஆளும் திருப்பூர் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம், ஒன்றும் தேறவில்லை. அவன் அம்மா காத்தாயி அக்கா ஐம்பத்தாறு வயசுக்காரி, நாலடி பத்தங்குலம் இருப்பாள், புருஷனை முன்னமே இழந்து ஒரே மகனை வளர்த்தவள், எஸ்டேட்டில் அவள் கூடைக்குச் சமமாகக் கொழுந்து பறிக்க இன்னொருத்தி பிறக்கவில்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், ஆபீஸ் வாசலில் மேனேஜர் துரை நின்றாலும் அதே தம்பிதான். மகன் பேச்சு நின்றுபோன வருஷத்திலிருந்து ஒவ்வொரு பனிக்காலையிலும் மாமியாரும் மருமகளும் பள்ளத்துக்கு இறங்குவார்கள், மாமியார் இடது பாதியைப் பார்ப்பாள், மருமகள் வலது பாதி. புதுப் பச்சை எதுவும் இல்லை என்றதும் காத்தாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, வா, டீ வைக்கலாம்” என்பாள். ஐந்து மார்கழி இப்படிப் போயிற்று.

ஐந்தாவது மார்கழியில் தெர்மாமீட்டர் பார்க்கப் போன நான் அதைக் கண்ணால் பார்த்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. ரஞ்சிதம் திரும்பி நடக்காமல் அந்த வெள்ளைப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி புள்ள, சேலை நனையுது” என்றாள் காத்தாயி அக்கா.

“அத்தை, இருக்காருன்னா எங்க இருக்காரு?”

அந்தப் பெண்ணுக்கு வயசு இருபத்தாறு. இலை ஏற்றுகிற டிராக்டர் ஓட்டும் யோகராசா என்கிற பையன் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான் என்பதும், இந்தத் தையோடு அவன் வீட்டார் பொறுமை தீர்ந்து வேறு இடம் பார்க்கப் போகிறார்கள் என்பதும், ரஞ்சிதம் இதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை என்பதும் லயம் முழுக்கத் தெரிந்த கதை. புருஷன் செத்திருக்கக் கூடாதே என்று முதல் வருஷம் பதறி இறங்கியவள், இப்போது பார்த்துவிட்டு நிமிர்கிற முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கே தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

அன்றைக்குச் சாயங்காலம் காத்தாயி அக்கா ஆபீஸுக்கு வந்தாள்.

“தம்பி, இந்த வாரத்துல நல்லா வெள்ளை விழுற நாள் எது?”

“நாளைக்கு ராத்திரி விழும்கா. மேகமில்ல, காத்துமில்ல, காத்துல ஈரமும் கம்மி. பள்ளத்துல மைனஸ் ரெண்டு மூணு போகும்.”

“ஒரு ஆள் படுத்திருந்தா, ஆளுக்கு அடியிலயும் விழுமா?”

“அடியில எப்படிக்கா விழும். மேலதான் விழும்.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். குடித்துவிட்டு வெளியே விழுந்து கிடக்கிற யாரையோ நினைத்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெர்மாமீட்டர் படிக்கத் தெரியும், மனுஷர்களைப் படிக்க அவ்வளவாக வராது.

மறுநாள் அவள் கீழ் லயத்தில் தங்கச்சி வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கியிருக்கிறாள். கம்பளி இருந்தால் உருவம் சரியாக விழாது என்று அதைப் பாறை மறைவில் வைத்துவிட்டு, ஒற்றைச் சேலையோடு புல்லில் மல்லாந்து படுத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர்கள் குளிர் ஏற ஏறச் சுருண்டுகொள்வார்கள், முழங்காலை வயிற்றுக்குக் கொண்டுவருவார்கள், கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொள்வார்கள், அது யாரும் சொல்லிக் கொடுக்காமல் உடம்பே செய்கிற காரியம். செத்தவர்கள்தான் நேராகப் படுப்பார்கள். மேட்டுக் குளிரெல்லாம் வழிந்து வந்து தன் மேல் தேங்கத் தேங்க, தலைமுடியிலும் இமையிலும் வெள்ளை பிடிக்கப் பிடிக்க, அவள் விடிகிறவரை நேராகவே படுத்திருந்தாள். உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்று அவள் முழுசாக நம்பிய மகனுக்காக, செத்துப்போன அவனாகவே படுத்திருந்தாள்.

காலையில் சத்தம் கேட்டு நான் ஓடியபோது லயமே பள்ளத்தில் நின்றது. நடுவில் ஒரு பச்சை, தலை, தோள், சேர்த்து வைத்த கால். ரஞ்சிதம் அதன் கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள். காத்தாயி அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள், உதடு நாவல்பழம் தின்ற நிறம்.

“பையன் நல்ல உயரமாச்சே, ஒரு சாண் குறையுதே” என்றார் கங்காணி.

“வெளியூர்ல சோறு தண்ணி இல்லாம சுருங்கிப் போயிருப்பான்” என்று அவர் பெண்டாட்டி சொல்ல, எல்லோரும் அதை ஒத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள்.

வழக்கப்படி என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்து தெர்மாமீட்டரைச் செருகினேன். பதினொன்று. ஒரு நிமிஷத்தில் பத்தரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து. நிமிர்ந்து காத்தாயி அக்காவைப் பார்த்தேன். கம்பளி முன்பக்கம் காய்ந்திருந்தது, அதன் அடியில் தெரிந்த சேலை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பல் அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே வராதபடி முந்தானையைக் கடித்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை.

“முப்பத்தேழு” என்றேன். புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். வேறு யாராவது தொட்டுப் பார்ப்பதற்குள், “அம்மாக்காரி மட்டும் கிட்ட இருக்கட்டும், நாளைக்கு வந்து தொட்டுக்கலாம், நகருங்க நகருங்க” என்று சத்தம் போட்டுக் கூட்டத்தை விரட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் அந்தப் புத்தகத்தில் எழுதிய முதல் பொய் அது.

புதுச் சூட்டின் பக்கத்தில் பெற்றவள் மூன்று நாள் படுத்திருப்பது எங்கள் வழக்கம் என்பதால் அடுத்த இரண்டு ராத்திரிக்கு யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் படுக்கிறேன் என்று போய் மேலேயே படுத்தாள், ஜனங்கள் வருவதற்குச் சற்று முன் எழுந்து ஓரமாக உட்கார்ந்தாள், தொட்டவர்களுக்கெல்லாம் அவள் உடம்புச் சூடு கொஞ்சம் கிடைத்தது. மூன்றாம் நாள் அரிசி போட்டார்கள். முதல் பிடி பெற்றவள் கையால். அவள் போட்டாள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், ஊரே சேர்ந்து அழுதது. ரஞ்சிதத்தின் பொட்டை அழித்துவிட்டு வந்தவள் ஆபீஸ் பக்கமாக ஒதுங்கி நின்று என்னிடம் சொன்னாள்: “உசுரோட இருக்கற புள்ளைக்கு அரிசி போட்டுட்டேன் தம்பி. வந்தான்னா கால்ல விழுந்தாவது சமாதானம் சொல்லிக்கறேன். இவ வயசு திரும்பி வராதே.”

எங்கள் நல்ல காலம், நாலாம் நாளிலிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. மேகம் மூடினால் தரைச் சூட்டை வானம் உறிஞ்ச முடியாது, உறைபனி விழாது. அந்தப் பருவம் அதோடு முடிந்தது. காத்தாயி அக்காவுக்கு மார்ச்சளி கட்டி, நிமிர்ந்து நடக்க முடியாமல் ஒரு மாசம் கிடந்தாள். ரஞ்சிதம் தினமும் நீலகிரித் தைலம் காய்ச்சி மாமியார் முதுகில் தேய்த்தாள், முதுகு முழுக்கப் புல்லின் தடம் பதிந்திருந்ததாம். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேய்க்கும்போது கையை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாளாம். இதைப் பின்னால் அக்காவே சொன்னாள். வைகாசியில் யோகராசாவுக்கும் ரஞ்சிதத்துக்கும் கோயிலில் வைத்துக் கல்யாணம், தாரை வார்த்துக் கொடுத்ததும் காத்தாயி அக்காதான். அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் நான் எப்போதும் பார்த்திராத மாதிரி அவள் தெளிச்சியாக இருந்தாள். சாயங்கால பஸ் வரும்போது மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்குகிற ஆட்களைப் பார்ப்பாள். இப்போதுதான் நிஜமாகவே காத்திருந்தாள், பள்ளத்தைப் பார்க்க வேண்டிய பாரம் இல்லாமல்.

அடுத்த மார்கழியின் முதல் உறைபனி பிந்தித்தான் வந்தது. வந்த அன்று வழக்கம்போல எல்லாச் சூடும் ஆளுக்கொரு வரிசை ஏறியிருந்தது, மருதை பதினேழாவதில், காதர் பாய் தம்பி ஒன்பதில். தவசிமுத்து ஏறினானா என்று பார்க்கப் போன கங்காணி பெண்டாட்டி சிரித்துக்கொண்டே திரும்பினாள். “ஏறல. பள்ளத்துலயே கிடக்கான், போட்ட இடத்துல. அம்மா செல்லம், விட்டுட்டுப் போக மனசு வரல.” அன்று லயத்தில் டீ குடிக்கும்போது எல்லோருக்கும் அதுதான் பேச்சு, எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் போகிறபோதே காத்தாயி அக்கா அங்கே நின்றாள். கம்பளி தோளில் இருந்தது, சேலை காய்ந்திருந்தது, ராத்திரி அவள் வீட்டில்தான் படுத்திருந்தாள். வெள்ளைக்கு நடுவில் பச்சை கிடந்தது.

“நான் படுக்கல தம்பி” என்றாள்.

“தெரியும்கா.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பச்சையில் இறங்கி, தலை இருக்கிற இடத்தில் தலையை வைத்து நேராகப் படுத்தாள். அவள் கால் முடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு சாண் பச்சை மிச்சமிருந்தது. படுத்தபடியே கையை நீட்டி, “போட்டுப் பாரு” என்றாள். அவள் காலுக்கு அப்பால் இருந்த அந்த ஒரு சாணில் தெர்மாமீட்டரைச் செருகினேன். நான் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன்.

“எவ்வளவு?”

“முப்பத்தேழு.”

“போன வருசம் எவ்வளவு காட்டுச்சு? நெசத்தச் சொல்லு.”

“பதினொண்ணு. அதுவும் இறங்கிட்டே இருந்துச்சு.”

செத்தவன் சூடு அடுத்த உறைபனிக்கே பள்ளத்துக்கு வந்துவிடும், அதில் பிழை வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அப்ப நான் அரிசி போட்டப்ப இருந்திருக்கான்.”

நான் தெர்மாமீட்டரைத் துடைத்தேன்.

“சொல்லு தம்பி. இருந்திருக்கான்ல.”

“இருந்தான்கா.”

எழுந்து உட்கார்ந்தாள். வாய் திறந்தது, அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன், சத்தம் வரவில்லை. மேலே லயத்தைப் பார்த்தாள், அங்கே ரஞ்சிதம் ஆறு மாச வயிற்றோடு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அழுதால் இறங்கி வருவாள். வந்தால் ஏன் என்று கேட்பாள், ஊரும் கேட்கும், போன வருஷமே அழுது முடித்த சாவுக்கு இப்போது என்ன புதுசாக அழுகை என்று கேட்கும். கேட்டால் ரஞ்சிதத்தின் கல்யாணம் என்ன கல்யாணம், வயிற்றில் இருக்கிறது என்ன பிள்ளை என்று அதுவரைக்கும் போகும். இதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன்.

“இனிமே யாரக் கூப்பிட்டு அழறது தம்பி” என்று மெதுவாகக் கேட்டாள். “எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்களே.”

நான் இருக்கிறேன் அக்கா என்று சொல்ல வந்தேன். சொல்வதற்குள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்துக்காரப் பெண்கள் பாதையில் இறங்கி வந்தார்கள், முன்னால் வந்த கங்காணி பெண்டாட்டி தூரத்திலிருந்தே கை காட்டிச் சிரித்தாள்.

“என்னக்கா, மகன் ஏற மாட்டேங்கறான் போல?”

காத்தாயி அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமா, அவன் சின்னதுலருந்தே அப்படித்தான். எத்தனை தடவை எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டான்.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பாறை ஓரமாக வைத்திருந்த தன் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்களோடு வரிசைக்குப் போனாள்.